பென்டிரைவுக்குப் பதில் ஒரு குட்டிக் கணினி: டிசைன் கோப்புகளைப் பிசகாமல் கொண்டு சேர்க்க

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி செல்லும் சாலையில், அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கிறது மடத்துக்குளம். கரும்பும் நெல்லும் தென்னையும் விளையும் ஊர். திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதித் தாலுகா என்பதால் பனியன் தொழிலோடும் இதற்கு உறவு உண்டு. ஆர்டர் எடுப்பது ஓரிடம், துணி வெட்டுவது ஓரிடம், எம்பிராய்டரி போடுவது இன்னோரிடம், தைத்து முடிப்பது வேறோரிடம் என வேலை ஜாப் ஒர்க்காகப் பிரிந்து போவது இந்த வட்டாரத்தின் வழக்கம். அப்படிப் பிரியும்போது வெட்டிய துணியோடு இன்னொன்றும் ஊர் ஊராகப் போகிறது. அதுதான் டிசைன் கோப்பு.

ஒரு சிறிய எம்பிராய்டரி பட்டறையை எடுத்துக்கொள்வோம். பஞ்சிங் செய்பவர் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பை அனுப்புகிறார். ஆபீஸ் மேசையில் இருக்கும் கணினியில் அது இறங்குகிறது. அதைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷின் ஓடும் கூடத்துக்குப் போகிறோம். அதே பென்டிரைவில் போன மாத டிசைனும் கிடக்கிறது. பையர் திருத்தம் சொல்வதற்கு முந்தைய டிசைனும் கிடக்கிறது. அவசரத்தில் ஆபரேட்டர் பழையதை எடுத்துவிட்டால்? 12 தலை மெஷின் என்றால் ஒரே ஓட்டத்தில் 12 பீஸ் வீணாகும். எம்பிராய்டரியைப் பிரித்தெடுத்தாலும் பனியன் துணியில் ஊசித் தடம் நிற்கும். கூலியில் பிடித்தம் வரும். அடுத்த ஆர்டர் வருமா என்பதும் சந்தேகமாகும்.

இந்தப் பென்டிரைவ் நடைக்குப் பதிலாக, மேசைக் கணினியிலிருந்து மெஷின் பக்கம் இருக்கும் ஒரு குட்டிக் கணினிக்கு நெட்வொர்க் வழியே கோப்பு அனுப்புவது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கோப்பை அனுப்புவது ஒரு நொடி வேலைதான். அனுப்பியது சரியான கோப்பா, முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, வேறு யார் கையிலும் சிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதே பெரிய வேலை. கடை, பள்ளிக்கூடம், வீடு என எங்கே இத்தகைய கருவியை வைத்தாலும் இது பொருந்தும்.

கோப்பு எவ்வளவு பெரியது?

எம்பிராய்டரி உலகில் அதிகம் புழங்குவது டிஎஸ்டி என்னும் வடிவம். ஜப்பானின் தஜிமா நிறுவன மெஷின்களுக்காக வந்தது. இன்று வேறு கம்பெனி மெஷின்களும் இதைப் படிக்கின்றன. இதன் அமைப்பு மிக எளிமையானது. முதல் 512 பைட் தலைப்புப் பகுதி. டிசைனின் பெயர், தையல் எண்ணிக்கை, நிற மாற்ற எண்ணிக்கை, நீள அகலம் ஆகியவை அதில் இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு ஊசி நகர்வுக்கும் 3 பைட். நகர்வின் அளவு 0.1 மில்லிமீட்டர் கணக்கில் எழுதப்படும். ஒரே பதிவில் எந்தத் திசையிலும் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் நகர முடியாது.

ஆக, 20,000 தையல் கொண்ட டிசைன் ஒன்று ஏறக்குறைய 60,500 பைட்தான். அந்தக் காலத்து 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றில் இத்தகைய டிசைன்கள் இருபதுக்கு மேல் அடங்கும். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போலப் பல மடங்கு பெரியது. எனவே வேகமான இணைப்பு வேண்டுமே என்ற கவலை இங்கே தேவையில்லை. சாதாரண வைஃபை தாராளம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎஸ்டி கோப்பில் நூலின் நிறம் இருக்காது. "இங்கே நிறம் மாற்று" என்ற கட்டளை மட்டுமே இருக்கும். எந்த ஊசியில் எந்த நிறம் என்பது பஞ்சிங் செய்தவர் தரும் நிறத் தாளில்தான் இருக்கிறது. ஆகவே டிசைன் கோப்போடு அந்தத் தாளின் படத்தையும் சேர்த்தே அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவி?

புதிய எம்பிராய்டரி மெஷின்கள் பலவற்றில் நெட்வொர்க் வசதி உண்டு. அவற்றுக்கு மெஷின் கம்பெனி தரும் மென்பொருளே போதும். யுஎஸ்பி துளை மட்டும் உள்ள மெஷின்களுக்குத்தான் குட்டிக் கணினி உதவுகிறது.

இவ்வகையில் பரவலாகக் கிடைப்பது ராஸ்பெரி பை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுவதற்காக உருவாக்கப்பட்டு 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. மெமரி கார்டுதான் அதன் வன்தட்டு. 2017 பிப்ரவரியில் வந்த ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்னும் வகை ஏறத்தாழ ஒரு சூயிங்கம் பாக்கெட் அளவுதான் இருக்கும். வைஃபை அதிலேயே உண்டு. அறிமுக விலை 10 டாலர். 2021 அக்டோபரில் இதைவிட வேகமான ஸீரோ 2 டபிள்யூ 15 டாலருக்கு வந்தது. இவை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் கருவி அதைக் காணவே காணாது.

இந்த ஸீரோ வகைக்கு ஒரு சிறப்பு உண்டு. இதன் யுஎஸ்பி துளையை வேறொரு மெஷினில் செருகினால், "நான் ஒரு பென்டிரைவ்" என்று அந்த மெஷினிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்படி இதை அமைக்கலாம். மெஷினுக்குத் தெரிவது ஒரு பென்டிரைவ். நமக்கு அது வைஃபையில் இருக்கும் ஒரு கணினி. ராஸ்பெரி பை 4 வகையிலும் இது முடியும். 3பி வகையில் முடியாது. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பும் வழிகள் நான்கு

முதலாவது எஃப்டிபி. இதை வரையறுத்தவர் நம் நாட்டவர் என்பது பலருக்கும் தெரியாது. கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவரான அபய் பூஷண், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் இதற்கான முதல் ஆவணத்தை எழுதினார். இணையம் என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலம் அது. அரை நூற்றாண்டு உழைத்த இந்த முறைக்கு இரண்டு குறைகள். ஒன்று, கடவுச்சொல்லும் கோப்பும் மறைக்கப்படாமல் அப்படியே பயணம் செய்கின்றன. அதே நெட்வொர்க்கில் ஒட்டுக் கேட்பவர் எடுத்துவிடலாம். 2021-ல் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் எஃப்டிபியைக் கைவிட்டன. இரண்டாவது, இதில் எழுத்து முறை, இருமை முறை என இரண்டு உண்டு. எழுத்து முறையில் அனுப்பினால் வரி முடிவுக் குறிகளைக் கணினிக்கு ஏற்ப மாற்றிவிடும். கடிதத்துக்கு அது நல்லது. டிஎஸ்டி கோப்புக்கு நாசம். 3 பைட் கணக்கில் ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பிறகு வரும் தையல் எல்லாம் தடம் மாறும். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அனுப்பும் முறையை 'பைனரி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்டோஸில் நமக்குப் பழக்கமான 'ஷேர்டு ஃபோல்டர்'. எஸ்எம்பி என்பது இதன் தொழில்நுட்பப் பெயர். லினக்ஸ் கருவியும் இந்த மொழி பேச உதவுவது, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் உருவாக்கத் தொடங்கிய சாம்பா மென்பொருள். இதை நிறுவிவிட்டால் குட்டிக் கணினியின் அடைவு, மேசைக் கணினியில் இன்னொரு டிரைவ் போலத் தெரியும். இழுத்துப் போட்டால் போதும். கணினி அதிகம் பழகாதவர்களுக்கு இதுவே எளிது. ஆனால் கவனக்குறைவாக அடைவு முழுவதையும் இழுத்துவிடுவதும், அழித்துவிடுவதும் இதில்தான் அதிகம் நடக்கும்.

மூன்றாவது, எஸ்எஸ்எச் வழியாகச் செல்லும் எஸ்எஃப்டிபி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களைத் திருடியதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995-ல் எஸ்எஸ்எச் முறையை எழுதினார். இதில் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது. விண்டோஸ் 10-ல் 2018 முதல் இது உள்ளேயே இருக்கிறது. கட்டளை எழுதத் தெரியாதவர்கள் வின்எஸ்சிபி அல்லது ஃபைல்ஜில்லா என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். வின்எஸ்சிபியில் இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் குட்டிக் கணினி என்று தெரியும். பெரும்பாலோருக்கு நாம் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

நான்காவது, ஆர்சிங்க். சாம்பாவை எழுதிய அதே ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸுடன் சேர்ந்து 1996-ல் வெளியிட்டது. இரு பக்கமும் உள்ள அடைவுகளை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்பும். தினமும் காப்பு நகல் எடுக்க இதற்கு நிகர் இல்லை. ஆனால் எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், பழைய கோப்புகள் புதியவற்றின் மேல் எழுதப்பட்டுவிடும். அழிக்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நகலில் இல்லாதவை மூலத்திலிருந்தும் போய்விடும். முதலில் ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்த்து, என்னென்ன மாறும் என்ற பட்டியலைப் படித்த பிறகே உண்மையாக ஓட்ட வேண்டும்.

கருவியின் முகவரி

அனுப்ப வேண்டுமென்றால் முகவரி தெரிய வேண்டும். வீட்டு ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தருகிறது. மின்சாரம் போய் வந்தால் இந்த எண் மாறக்கூடும். நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கிவிடலாம். அல்லது எண்ணுக்குப் பதிலாகக் கருவியின் பெயரோடு 'புள்ளி லோக்கல்' சேர்த்து அழைக்கலாம். ராஸ்பெரி பையில் இந்த வசதி தயாராகவே இருக்கிறது.

கருவியும் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆபீஸ் கணினி பிராட்பேண்டிலும், கருவி யாரோ ஒருவருடைய செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும் இருந்தால் ஒன்றையொன்று காணாது. ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்த்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். அந்த வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுப்பு இருக்கும்.

படிப்படியாக

1. ராஸ்பெரி பை நிறுவனத்தின் இமேஜர் மென்பொருளை மேசைக் கணினியில் நிறுவி, மெமரி கார்டில் இயங்குதளத்தை எழுதுங்கள். எழுதும் முன்பே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் ஆகியவற்றைக் கேட்கும். எஸ்எஸ்எச் வசதியை அங்கேயே இயக்கிவிடுங்கள்.

2. கார்டைக் கருவியில் செருகி மின்சாரம் கொடுங்கள். முதல் முறை தயாராவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

3. மேசைக் கணினியில் வின்எஸ்சிபியைத் திறந்து, எஸ்எஃப்டிபி முறையைத் தேர்ந்தெடுத்து, கருவியின் பெயர் அல்லது எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுங்கள். போர்ட் எண் 22.

4. முதல் முறை இணையும்போது கருவியின் 'கைரேகை' ஒன்றைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை கேட்காது. மெமரி கார்டை மாற்றாமல், இயங்குதளத்தைத் திரும்ப நிறுவாமல் இருக்கும்போது கைரேகை மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், உடனே சம்மதம் சொல்லாமல் காரணத்தைத் தேடுங்கள்.

5. கருவியில் 'வருகை', 'ஓட்டம்', 'முடிந்தது' என்று மூன்று அடைவுகளை உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. புதிய கோப்பு முதலில் 'வருகை'க்குத்தான் போக வேண்டும். சரிபார்த்த பிறகே 'ஓட்டம்' அடைவுக்கு நகர்த்த வேண்டும். மெஷினுக்குத் தெரிவது 'ஓட்டம்' மட்டுமே. இன்றைக்கு ஓட வேண்டிய டிசைனைத் தவிர அதில் வேறெதுவும் இருக்கக் கூடாது. ஆபரேட்டர் பழைய டிசைனைத் தேர்ந்தெடுக்கும் தவறை இந்த ஓர் ஏற்பாடே தடுத்துவிடும்.

மெஷினோடு இணைக்கும்போது

கருவி பென்டிரைவ் போல நடிக்கும் முறையில் ஓர் ஆபத்து உண்டு. பலரும் இடறுவது இங்கேதான். உண்மையான பென்டிரைவ் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே செருகப்பட்டிருக்கும். மெஷினும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது. அதில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்பதை ஒருமுறை படித்துத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாம் பின்பக்கமாகப் புதிய கோப்பை எழுதினால் மெஷினுக்கு அது தெரியாது. பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கும். மெஷினும் ஏதாவது எழுதினால் இரண்டும் மோதி, கோப்புப் பட்டியலே சிதைந்துவிடலாம்.

எனவே வரிசை இதுவாக இருக்க வேண்டும்: முதலில் மெஷினிடமிருந்து அந்தப் பென்டிரைவைத் துண்டிக்க வேண்டும்; பிறகு கோப்பை எழுத வேண்டும்; எழுதியது முழுவதும் கார்டில் பதிந்துவிட்டதை உறுதி செய்ய வேண்டும்; அதன் பிறகே மெஷினோடு திரும்ப இணைக்க வேண்டும். ஒயரைப் பிடுங்க வேண்டியதில்லை; கருவியில் ஒரு சிறு நிரலாக எழுதி வைத்துவிட்டால் இந்த நான்கையும் அதுவே வரிசையாகச் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் டிசைனை மெஷின் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளாமல் பென்டிரைவிலிருந்தே படிக்கும் வகை என்றால், ஓட்டம் முடியும்வரை எதையும் தொடக் கூடாது.

மெஷினுக்குப் புரியும் வட்டு வடிவமும் முக்கியம். எஃப்ஏடி32 வடிவம் பெரும்பாலும் பொருந்தும். பழைய மெஷின்கள் சில எஃப்ஏடி16 வடிவத்தை மட்டுமே படிக்கும். அந்த வடிவம் பொதுவாக 2 ஜிபிக்கு மேல் போகாது. மெஷினோடு வந்த கையேட்டைப் பார்த்து அதற்கேற்ற அளவில் அமையுங்கள். டிசைன் கோப்புகளுக்கு அவ்வளவு இடமே அதிகம்தான்.

ஸீரோவில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஒன்று மின்சாரத்துக்கு மட்டும். மெஷினோடு இணைக்க வேண்டியது மற்றொன்றை. அதே ஒயர் வழியே மின்சாரமும் வந்துவிடும். ஒயரும் தரவு செல்லும் ஒயராக இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் ஒயரைச் செருகிவிட்டுக் கருவி பழுது என்று எண்ணிவிடுவோரும் உண்டு.

போய்ச் சேர்ந்ததா?

அனுப்பி முடிந்தது என்று திரை சொல்வதை மட்டும் நம்பி மெஷினை ஓட்டக் கூடாது. மூன்று நிலைகளில் சரிபார்க்கலாம்.

முதலாவது அளவு. இரு பக்கமும் கோப்பின் அளவு பைட் கணக்கில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேபி கணக்கு போதாது; பைட் கணக்கு வேண்டும். டிஎஸ்டி கோப்பின் மொத்த பைட்டிலிருந்து 512-ஐக் கழித்து 3-ஆல் வகுத்தால், பஞ்சிங் தாளில் உள்ள தையல் எண்ணிக்கைக்கு நெருக்கமாக வர வேண்டும். தாவல், நிற மாற்றம் ஆகியவையும் பதிவுகளாக எழுதப்படுவதால் மென்பொருளுக்கு மென்பொருள் சிறு வித்தியாசம் இருக்கலாம். தாளில் 20,000 என்று இருக்க, கணக்கு 12,000 என்று வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது கைரேகைக் கணக்கு. எஸ்எச்ஏ-256 என்னும் கணக்கு, எந்தக் கோப்பையும் படித்து 64 எழுத்து கொண்ட ஓர் அடையாளத்தைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லிலும் ராஸ்பெரி பையிலும் இதைக் கணக்கிடும் கட்டளை இருக்கிறது. இரு அடையாளங்களும் ஒன்றானால் இரு கோப்புகளும் ஒன்றே. பஞ்சிங் செய்பவரே கோப்போடு இந்த அடையாளத்தையும் அனுப்பிவிட்டால், திருப்பூரில் அவர் சேமித்ததுதான் மடத்துக்குளத்தில் ஓடப்போகிறது என்பது உறுதியாகிவிடும்.

மூன்றாவது மெஷின் திரை. டிசைனைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் தெரியும் தையல் எண்ணிக்கை, நிற மாற்றம், நீள அகலம் ஆகியவற்றைத் தாளோடு ஒப்பிட வேண்டும். பிறகு கழிவுத் துணியில் ஒரு சாம்பிள். கணினி எத்தனை முறை சரி என்று சொன்னாலும், சாம்பிள் போட்டுப் பையரின் ஒப்புதலைப் பார்க்காமல் ஆர்டர் துணியில் ஊசி இறங்கக் கூடாது. கோப்பு முழுமையாக வந்ததைக் கணக்கு சொல்லும். அது சரியான டிசைனா என்பதை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும்.

பெயர் வைப்பதில் கவனம்

'புதியது', 'புதியது 2', 'ஃபைனல்', 'ஃபைனல் கடைசி' என்று பெயர் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு மாதம் கழித்து எது கடைசி என்பது வைத்தவருக்கே தெரியாது. ஆர்டர் எண், தேதி, திருத்த எண் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? குட்டிக் கணினியைப் பொறுத்தவரை தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரு வரம்பு உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. 'கு' என்பது இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆக, தமிழில் மொத்தம் 85 குறியீடுகள்தான் அடங்கும். விண்டோஸில் சரியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், அனுப்பும்போது 'பெயர் மிக நீளம்' என்று மறுக்கப்படுவது இதனால்தான். எம்பிராய்டரி மெஷினின் திரையோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே காட்டும். மெஷினுக்குப் போகும் கோப்புக்குக் குறுகிய ஆங்கிலப் பெயரும் எண்ணும் வைத்துவிட்டு, விவரத்தைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

கதவைப் பூட்டுங்கள்

நெட்வொர்க்கில் இணைந்த ஒவ்வொரு கருவியும் ஒரு கதவு. 2016-ல் பரவிய மிராய் என்னும் தீநிரல், வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அது பெரிய மாயம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. மாற்றாமல் விட்டிருந்த கருவிகள் எல்லாம் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே பலருக்கும் திறக்காமல் போயின. அதன் பிறகுதான், 2016 நவம்பரில், ராஸ்பெரி பை தன் இயங்குதளத்தில் எஸ்எஸ்எச் தானாக இயங்குவதை நிறுத்தியது. எல்லாக் கருவிக்கும் ஒரே பயனர் பெயர் என்றிருந்த வழக்கத்தை 2022 ஏப்ரலில் கைவிட்டது.

அடுத்த பாடம் 2017 மே 12. வன்னாகிரை என்னும் தீநிரல், விண்டோஸின் ஷேர்டு ஃபோல்டர் வசதியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. நிறுவாமல் விட்டவர்களே சிக்கினார்கள். பழைய மெஷினுக்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்து வைக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. திறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை சில மட்டுமே. கடவுச்சொல் நீளமாகவும் நமக்கு மட்டுமே தெரிந்ததாகவும் இருக்கட்டும். கருவியின் மென்பொருளை மாதம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். வெளியூரிலிருந்தும் அனுப்பலாமே என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

இதில் நம் பட்டறையின் பாதுகாப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை. சந்தைக்கு வராத டிசைன் ஒன்றைப் பையர் நம்மை நம்பிக் கொடுக்கிறார். அது நம் கையில் உள்ள அமானிதம். கைமறதியாக எங்கோ விட்ட பென்டிரைவிலிருந்தோ, பூட்டாத அடைவிலிருந்தோ அது வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

மின்வெட்டும் காப்பு நகலும்

மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு மட்டுமின்றி, கார்டே படிக்க முடியாமல் போகலாம். மெஷினை அணைத்தால் அதிலிருந்து மின்சாரம் பெறும் ஸீரோவும் அதே நொடியில் அணைந்துவிடும். இதற்காக ராஸ்பெரி பையில் இயங்குதளப் பகுதியைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவைக்கும் வசதி உண்டு. டிசைன் இருக்கும் பகுதியை மட்டும் தனியே வைத்துவிட்டு மற்றதைப் பூட்டிவிடுவது நல்லது.

எப்படிப் பூட்டினாலும் மெமரி கார்டு ஒருநாள் போய்விடும் என்று எண்ணியே நடக்க வேண்டும். கருவியில் இருப்பது ஒருபோதும் ஒரே நகலாக இருக்கக் கூடாது. மூலம் மேசைக் கணினியில் இருக்கட்டும். இன்னொரு நகல் வெளி வன்தட்டில். மூன்றாவது நகல் கட்டடத்துக்கு வெளியே, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. வாரம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு நகல், எண்ணிப் பார்க்காத பணத்தைப் போன்றது.

இணையவில்லை என்றால்

கருவியின் பெயரே தெரியவில்லை என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று பாருங்கள். தெரிகிறது, ஆனால் இணைப்பு மறுக்கப்படுகிறது என்றால் எஸ்எஸ்எச் இயக்கப்படவில்லை. கடவுச்சொல் தவறு என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சரிபாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் நமக்கு உரிமை இல்லாத அடைவில் எழுத முயல்கிறோம். நம் பயனர் பெயருக்குரிய அடைவுக்கு மாறுங்கள். கோப்பு போகிறது, ஆனால் மெஷினில் தெரியவில்லை என்றால் துண்டித்துத் திரும்ப இணைக்கும் படியை மறந்திருக்கிறோம். மெஷினில் தெரிகிறது, ஆனால் டிசைன் கோணலாக வருகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு எஸ்எச்ஏ-256 அடையாளத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குறை பஞ்சிங்கிலோ பிரேம் பிடிப்பிலோ இருக்கிறது. கோப்பு அனுப்பியதில் இல்லை. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பஞ்சிங் செய்தவருக்கும் பட்டறைக்கும் இடையில் நடக்கும் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் முழுதாக மாற்ற வேண்டியதில்லை. முதல் வாரம் பென்டிரைவும் பக்கத்தில் இருக்கட்டும். குட்டிக் கணினி வழியே வந்த டிசைனைச் சாம்பிளுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஆபரேட்டருக்குக் கை பழகி, கணக்கு தவறாமல் வருகிறது என்று தெரிந்த பிறகு ஆர்டருக்கு மாற்றுங்கள். மூன்று அடைவு, ஒழுங்கான பெயர், ஒரு சரிபார்ப்பு ஆகிய இம்மூன்றையும் மட்டும் பென்டிரைவ் காலத்திலேயே தொடங்கிவிடலாம். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.